கையில் இல்லை என்பதற்குக் கணக்கு

வல்லத்திராக்கோட்டையில் ஒருவர் குட்டியானை ஓட்டிப் பிழைக்கிறார் என்று கொள்வோம். டாட்டா ஏஸ் என்று கம்பெனி வைத்த பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. விடியுமுன் கீரமங்கலத்துப் பூமூட்டை, பகலில் உரமும் கடலையும், சாயங்காலம் விசேஷ வீட்டுப் பாத்திரமும் நாற்காலியும் என்று வண்டி ஓடுகிறது. ஆவணியில் ஒருநாள், சாலையோரம் நிறுத்தியிருந்த அந்த வண்டியின் பின்னால் ஒரு கார் வந்து மோதுகிறது. ஆளுக்கு அடி இல்லை. தப்பு முழுக்கக் கார்க்காரருடையது என்பதில் கார்க்காரருக்கே மறுப்பில்லை. அவர் காருக்குக் காப்பீடும் நடப்பில் இருக்கிறது.

இதற்கு மேல்தான் சிக்கல். பட்டறையில் பத்து நாள் வேலை என்கிறார்கள். ஆனால் உதிரிபாகம் வாங்கப் பாதிப் பணத்தை முன்னால் வைக்க வேண்டும். அதைப் புரட்டி வைத்து வண்டியை வெளியே எடுப்பதற்குள் இருபத்தைந்து நாள் ஆகிவிடுகிறது. அதுவரை பூவை ஏற்றாமல் இருக்க முடியாது. இரண்டு நாள் தவறினால் வாடிக்கை வேறு வண்டிக்குப் போய்விடும். மாற்று வண்டி எடுக்கிறார். ரொக்கம் கொடுத்தால் நாளுக்கு 1,200 ரூபாய். “கிளைம் பணம் வந்ததும் குடுங்கண்ணே” என்று கடனுக்குத் தருகிறவர் 1,800 ரூபாய் கேட்கிறார். கையில் காசு இருந்திருந்தால் பத்து நாளைக்கு 12,000 ரூபாயோடு முடிந்திருக்கும். இல்லாததால் இருபத்தைந்து நாளைக்கு 45,000. நடுவில் நிற்கும் 33,000 ரூபாயை விபத்தின் கணக்கில் எழுதுவதா, வறுமையின் கணக்கில் எழுதுவதா?

அவர் 45,000 ரூபாயையும் கேட்கிறார். காரணம், கையில் காசில்லை. எதிர்த்தரப்பு வக்கீலின் பதில் ஒரே வரியில் வருகிறது: இல்லை என்பதைக் காட்டுங்கள். விபத்துக்கு முந்தைய மூன்று மாத வங்கிக் கணக்கு, கடன் விவரம், நகை, வேறு வரவு, எல்லாவற்றையும்.

காட்டித்தான் ஆகவேண்டுமா? இடித்தவன் ஒருவன், பெட்டியைத் திறந்து காட்ட வேண்டியவன் இடிபட்டவனா? டீக்கடையில் இதை வைத்து வாக்கெடுத்தால் வண்டிக்காரர் பக்கம்தான் மொத்தக் கடையும் நிற்கும். அந்த உணர்வைத் தள்ளிவிடக் கூடாது. தான் செய்யாத தப்புக்காக ஒருவர் தன் அடகு ரசீதையும், டியூ கட்டத் தவறிய மாதங்களையும், மனைவியின் தாலிக்கொடி எந்தக் கடையில் இருக்கிறது என்பதையும் அந்நியர் முன் பரப்பிவைப்பது இரண்டாவது விபத்துக்குச் சமம்.

ஆனாலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் 12,000 ரூபாய் மட்டும் கேட்டிருந்தால் அவர் பையைத் தொட்டுப்பார்க்க யாருக்கும் உரிமை இல்லை. நொறுங்கிய பின்கதவுக்கு முதலாளி என்றும் கூலிக்காரர் என்றும் தெரியாது. பத்து நாள் மாற்று வண்டிக்கும் தெரியாது. மிச்சமுள்ள 33,000 ரூபாய்க்குத்தான் பையின் நிலை காரணமாகச் சொல்லப்படுகிறது. பையை வழக்குக்குள் கொண்டுவந்து வைத்தவர் வண்டிக்காரர்தான்.

இந்தக் கேள்வியை உலகத்திலேயே அதிகமாகப் பிய்த்துப் போட்டு ஆராய்ந்த நாடு இங்கிலாந்து. அங்கே மாற்றுக் காரைக் கடனுக்குத் தந்து, வாடகையைத் தப்புச் செய்தவரின் காப்பீட்டு நிறுவனத்திடம் வசூலிப்பது தனித் தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. அந்த வாடகை சந்தை வாடகையைவிடக் கூடுதல். அதை யார் தாங்குவது என்ற சண்டையின் வேர் ஒரு கப்பலில் இருக்கிறது. 1928 நவம்பரில் கிரீஸ் நாட்டின் பட்ராஸ் துறைமுகத்தில் நின்றிருந்த லீஸ்போஷ் என்ற தூர்வாரிக் கப்பலின் கட்டுகளில் எடிசன் என்ற நீராவிக் கப்பல் சிக்கி, அதைக் கடலுக்கு இழுத்துப்போய் மூழ்கடித்தது. லீஸ்போஷ் உரிமையாளர்களுக்கு வேறு தூர்வாரி வாங்கப் பணமில்லை. துறைமுக வேலையை முடித்துத் தர ஒப்பந்தம் இருந்ததால் அதிக வாடகைக்கு ஒன்றை எடுத்தார்கள். 1933-இல் பிரபுக்கள் சபை அந்தக் கூடுதல் செலவைத் தர மறுத்தது. கப்பல் மூழ்கியது எடிசனின் தப்பு, பணமில்லாதது உங்கள் பாடு என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம்.

எழுபது ஆண்டு அந்தத் தீர்ப்பு நின்றது. 2003 டிசம்பர் 4 அன்று அதே சபை, லாக்டன் வழக்கில், அதை விட்டு விலகியது. இம்முறை மனுதாரர் கப்பல் முதலாளி இல்லை. வேலை இல்லாத, உடல்நலம் குன்றிய ஒருவர்; நிறுத்தியிருந்த அவருடைய பத்தாண்டுப் பழைய போர்டு காரில் வேறொருவர் மோதியிருந்தார். ரொக்கத்துக்கு மாற்றுக் கார் எடுக்க வழியில்லாமல் கடனுக்கு எடுத்தார். ஐந்து நீதிபதிகளில் மூவர் அவர் பக்கம். எலும்பு மெலிந்தவரை இடித்தவன் ‘இவருக்கு எலும்பு மெலிவு என்று எனக்குத் தெரியாதே’ என்று தப்பிக்க முடியாது. கை மெலிந்தவரை இடித்தவனும் அப்படியே. ஆனால் இல்லாமை என்றால் என்ன என்பதற்கு நிக்கல்ஸ் பிரபு ஓர் அளவும் வைத்தார். பணம் அறவே இல்லாமல் இருக்க வேண்டியதில்லை. நியாயமாக எதிர்பார்க்க முடியாத தியாகங்களைச் செய்யாமல் அந்த வாடகையைக் கட்ட முடியாத நிலை இருந்தால் போதும்.

இந்த அளவுகோல் மனிதத்தன்மை உள்ளது. பள்ளிக் கட்டணத்துக்கு வைத்த பணத்தை எடுத்து வண்டி வாடகை கட்டியிருக்கலாமே என்று அது கேட்காது. ஆனால் இதன் இன்னொரு பக்கத்தை வண்டிக்காரருக்காகப் பேசுகிறவர்கள் சொல்வதில்லை. ‘நியாயமாக எதிர்பார்க்க முடியாத தியாகம்’ எது என்பதை, அவரிடம் என்னென்ன இருந்தது என்று தெரியாமல் எவரும் தீர்மானிக்க முடியாது. அதனால்தான் அந்நாட்டு நீதிமன்றங்கள் இல்லாமையை எடுத்துப் பேசுகிறவரிடமே கணக்கைக் கேட்கின்றன. குறித்த நாளுக்குள் தராவிட்டால் அந்த வாதத்தையே பேசக் கூடாது என்று தடுக்கின்றன. 2014-இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் இன்னும் ஒரு படி போனது. அப்படித் தடுக்கப்பட்டவர், வாடகை வீதம் ஏன் கூடியது என்பதற்கு மட்டுமின்றி, வேறு வண்டி வாங்காமல் ஏன் இத்தனை நாள் வாடகையிலேயே ஓட்டினார் என்பதற்கும் வறுமையைக் காரணம் காட்ட முடியாது என்றது. கதவைப் பூட்டினால் இரண்டு அறையும் பூட்டித்தான் இருக்கும்.

நம் சட்டம் இவ்வளவு தூரம் வரவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988, தீர்ப்பாயத்தின் முன் வரக்கூடியவை என்று சாவையும் காயத்தையும் சொத்துச் சேதத்தையும் சொல்கிறது. வண்டி ஓடாத நாட்களின் மாற்று வாடகையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. மூன்றாம் தரப்பின் சொத்துச் சேதத்துக்கு அந்தச் சட்டம் முதலில் வைத்த வரம்பு வெறும் 6,000 ரூபாய். நடைமுறையில் கார் பாலிசிகள் அதை 7.5 லட்சம் வரை விரித்துத் தருகின்றன; பிரீமியத்தில் கொஞ்சம் குறையட்டும் என்று 6,000 ரூபாயிலேயே நிறுத்திக்கொள்ளவும் உரிமையாளருக்கு வாய்ப்பு உண்டு. அப்படி நிறுத்தியவர் இடித்த கார் என்றால், நம் குட்டியானைக்காரர் கேட்பதில் பெரும்பகுதியைக் கம்பெனியிடம் கேட்க முடியாது. காரின் உரிமையாளரைத்தான் பிடிக்க வேண்டும். அவரும் மாதச் சம்பளக்காரராக இருக்கலாம். இழப்பீட்டை எப்போதும் கொழுத்த கம்பெனி ஒன்று கொடுக்கும் என்ற நினைப்பில்தான் ‘கூடப் போட்டுக் கேட்டா என்ன’ என்ற பேச்சு வருகிறது. கேட்கும் தொகை ஒரு குடும்பத்தின் மேல் விழும்போது அந்தப் பேச்சு நாக்கில் ஒட்டாது.

நம் சட்டத்திலும் இதன் விதை இல்லாமல் இல்லை. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-ஆம் பிரிவுக்கு ஒரு விளக்கம் இருக்கிறது. நட்டத்தை மதிப்பிடும்போது, ஏற்பட்ட இடைஞ்சலைச் சரிசெய்ய என்னென்ன வழிவகை இருந்தது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்பது அது. ஒப்பந்த மீறலுக்காக எழுதப்பட்டது என்றாலும் அதன் நியாயம் விபத்துக்கும் பொருந்தும். வழிவகை இருந்ததா என்று கேட்பதே கையில் என்ன இருந்தது என்று கேட்பதுதான்.

காப்பீடு என்றதும் ‘முழு நம்பிக்கை’ என்ற கோட்பாட்டை இங்கே இழுத்துவருகிறவர்கள் உண்டு. அது பொருந்தாது. பாலிசி எடுப்பவர் தன்னைப் பற்றிய முக்கிய விவரங்களைக் கேட்காமலே சொல்ல வேண்டும் என்ற அந்தக் கடமை, பாலிசி எடுப்பவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ளது. குட்டியானைக்காரர் அந்த நிறுவனத்தோடு எந்த ஒப்பந்தமும் செய்யவில்லை. அதன் வாடிக்கையாளரால் இடிபட்டவர் என்பதைத் தவிர அவருக்கும் அதற்கும் உறவில்லை. அவர் உண்மை சொல்லக் கடமைப்பட்டிருப்பது நியாயம் தீர்க்கும் இடத்துக்கு. இந்த வேறுபாட்டை மறந்தால், கம்பெனி அனுப்பும் ஆள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீரோ சாவியைக் கேட்பதும் சரி என்றாகிவிடும்.

நீதிமன்றத்துக்கு எவ்வளவு சொல்ல வேண்டும்? கேட்டதற்கு மட்டும் பதிலா, கேட்காததையும் சேர்த்தா? சட்டம் படித்த யாரும் இங்கே செங்கல்வராய நாயுடு வழக்கை நினைப்பார்கள். சென்னையிலிருந்து உச்ச நீதிமன்றம் போய் 1993-இல் முடிந்த பாகப்பிரிவினை வழக்கு அது. சொத்தில் பங்கு கேட்டவர், தான் முன்பே எழுதிக்கொடுத்திருந்த விடுதலைப் பத்திரத்தை நீதிமன்றத்திடம் சொல்லவில்லை. பொய் சொன்னார் என்பதற்கில்லை, சொல்லாமல் இருந்தார். எதிராளியே தேடிக் கண்டுபிடித்திருக்கலாமே என்ற வாதம் எடுபடவில்லை. லாபத்துக்காக முக்கிய ஆவணத்தை மறைப்பது நீதிமன்றத்தின் மேலேயே செய்யும் மோசடி என்றது தீர்ப்பு. அதற்கும் முன்னால், 1968-இலேயே, நிரூபிக்கும் பொறுப்பு தன் மேல் இல்லாதவர்கூடத் தன்னிடமுள்ள நல்ல சாட்சியத்தை ஒளித்தால் அது அவருக்கு எதிராகவே கொள்ளப்படும் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. இது நிறுவனங்களுக்கும் சேர்த்துச் சொன்னது. நம்மூரில் ரொக்கத்துக்கு வண்டி என்ன வாடகை, பட்டறையில் எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கெல்லாம் சர்வேயர் கோப்பில் இருக்கும். அது தனக்குச் சாதகமாக இல்லாதபோது கம்பெனி அதை உள்ளேயே வைத்துக்கொண்டு வண்டிக்காரரின் பாஸ்புக்கை மட்டும் கேட்பது ஒரு கண்ணில் மை தீட்டுவது போன்றது.

மதுரையில் கண்ணகி வழக்காடிய காட்சியை இந்த நோக்கில் யாரும் பேசுவதாகத் தெரியவில்லை. தன் சிலம்புக்குள் மாணிக்கம் இருப்பது அவளுக்கு மட்டும் தெரியும்; அரண்மனைச் சிலம்புக்குள் முத்து இருப்பது அரச வீட்டுக்கு மட்டும் தெரியும். அவள் தன்னுடையதைச் சொன்னாள், அரசன் தன்னுடையதைச் சொன்னான், சிலம்பு வந்தது, உடைந்தது. அவன் மௌனமாக இருந்து ‘முதலில் நீ நிரூபி’ என்றிருந்தால் வழக்கு இன்னும் கொஞ்சம் இழுத்திருக்கும். பாண்டியனைக் கொடுங்கோலன் என்று சொல்லிப் பழகிய நாம், அந்த ஒரு நொடியில் அவன் நல்ல எதிர்வாதியாக இருந்ததையும் சொல்ல வேண்டும்.

திறந்து காட்டுவதில் நம் ஊரில் இருக்கும் பெரிய தடை கூச்சம் இல்லை. ஒரே ஆளுக்கு மூன்று வருமானம் இருப்பதுதான். கல்வி உதவித்தொகைக்கும் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கும் கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரைத்துத் தாசில்தார் கையெழுத்திடும் சான்றில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய். அந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டாம். நெடுங்காலம் மருத்துவக் காப்பீட்டின் வரம்பு அதுதான், பிறகு 1,20,000 ஆனது. வண்டிக் கடன் விண்ணப்பத்தில் அதே ஆளுக்கு மாதம் முப்பதாயிரம். விபத்துத் தீர்ப்பாயத்தில் காயத்துக்கு இழப்பீடு கேட்கும்போது அதற்கும் மேல். ஏன் மேலே போகிறது என்பதும் புரியாத விஷயமில்லை. 2009-இல் சரளா வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த அட்டவணைப்படி, முப்பது வயதில் இறந்தவரின் ஆண்டு வருமானம் பதினேழால் பெருக்கப்படும். மாத வருமானத்தில் ஆயிரம் ரூபாய் கூட்டிச் சொன்னால், சொந்தச் செலவுக் கழிவுக்கு முன், 2,04,000 ரூபாய் கூடும். மாற்று வாடகை வழக்கிலோ காற்று மறுபக்கம் அடிக்கிறது. வருமானம் குறைவாக இருந்தால்தான் நல்லது. வண்டி ஓடாத நாட்களின் வருமான இழப்புக்கு ஒரு தொகையும், கையில் காசில்லை என்பதற்கு ஒரு தொகையும் ஒரே மனுவில் எழுதும்போது அந்த ஆள் பக்கத்துக்குப் பக்கம் பணக்காரராகவும் ஏழையாகவும் மாறுகிறார்.

இதைப் பார்த்து ஏமாற்றுக்காரர்கள் என்று முடிவு கட்டுவது எளிது. ஆனால் ஒவ்வொரு கவுண்டரும் வேறொரு விடையைக் கேட்டுப் பழக்கிய ஊரில் அந்த மூன்று விடைகளும் பிறந்தன என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தவிர, அவரிடம் காகிதமே இல்லாமலும் இருக்கலாம். 2014-இல் ஒரு காய்கறி வியாபாரியின் வழக்கில், அமைப்புசாராத் தொழிலில் இருப்பவரிடம் வருமானத்துக்கு ஆவணம் எதிர்பார்க்க முடியாது என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் தானே வைத்துக்கொண்டது. காகிதம் இல்லாதது மறைப்பதாகாது. அதே சமயம், காகிதம் இருப்பவர் இல்லாதவரைப் போல நடிக்க அந்தத் தீர்ப்பு இடம் தரவுமில்லை.

அப்படியானால் வண்டிக்காரர் காட்டத்தான் வேண்டும். எவ்வளவு என்பதற்கு எல்லை உண்டு. வாடகைக்கு எடுத்த இருபத்தைந்து நாளும் அதற்கு முந்தைய சில மாதங்களும் போதும். மகளின் கல்யாணச் சேமிப்பு எப்போது தொடங்கியது என்பது வேண்டாம். காட்டுவதை நீதிபதி பார்க்கட்டும், எதிர்த்தரப்பு வக்கீல் பார்க்கட்டும். இடித்த கார்க்காரர் பக்கத்து ஊர்க்காரர் என்றால் அவர் கைக்குப் போக வேண்டியதில்லை. 33,000 ரூபாய்க்காக முப்பது வருடக் கணக்கைக் கேட்கும் வக்கீல் உண்மையைத் தேடவில்லை; சலித்துப்போய் மனுவை விட்டுவிடுவார் என்று காத்திருக்கிறார். அதை நீதிமன்றம் தடுக்க வேண்டும். தடுக்கும் என்று நம்பிக் கணக்கைத் தாமதமில்லாமல் கொடுப்பது வண்டிக்காரரின் வேலை.

கொடுக்கிறார். அங்கேதான் வல்லத்திராக்கோட்டைக்கும் லண்டனுக்கும் வழி பிரிகிறது. வங்கிக் கணக்கில், விபத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஆடி மாதத்தில், 3,80,000 ரூபாய் விழுந்திருக்கிறது. எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். கையில் நாலு லட்சம் வைத்துக்கொண்டு காசில்லை என்று 1,800 ரூபாய் வாடகைக்கு எடுத்தாரா?

ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் வட்டாரத்தில் பிறந்த யாருக்கும் அது என்ன பணம் என்று சொல்ல வேண்டியதில்லை. மொய் விருந்து. ஆடியில் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு, பலர் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு நடத்துவது. ஒருவர் முறை பெரும்பாலும் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுகிறார்கள். யார் எவ்வளவு என்று நோட்டில் ஏறும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. ஆனால் எழுதியவர் வீட்டு விருந்தில் அதைத் திருப்பி வைத்தாக வேண்டும், கொஞ்சம் கூட்டியும் வைக்க வேண்டும். கஜா புயலுக்குப் பிறகு தென்னையும் பலாவும் சாய்ந்து கிடந்த காலத்திலும் இந்தக் கடன் யாருக்கும் தள்ளுபடியாகவில்லை. வண்டிக்காரரின் 3,80,000 ரூபாயில் பெரும்பகுதி அந்த ஆடி முடிவதற்குள் மற்றவர்கள் பந்தலுக்கும், மிச்சம் வண்டியின் பழைய டியூவுக்கும் போய்விட்டது என்று வைத்துக்கொள்வோம். வங்கித் தாள் அவரைப் பணக்காரர் என்கிறது. நோட்டு அவரைக் கடன்காரர் என்கிறது. இரண்டில் நோட்டுத்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மொய் எழுதாதவர் என்று பெயர் வாங்கிக்கொண்டு அந்தப் பணத்தில் பட்டறைக்கு முன்பணம் கட்டியிருக்கலாமே என்று கேட்டால், நிக்கல்ஸ் பிரபு சொன்ன ‘நியாயமாக எதிர்பார்க்க முடியாத தியாகம்’ எங்கள் பக்கம் இதுதான் என்று நீதிபதியிடம் எடுத்துச் சொல்ல ஒரு நல்ல வக்கீல் வேண்டும்.

எனவே நோட்டையும் கொண்டுவந்து வைக்கிறார். அதில் இருநூறு குடும்பங்களின் பெயரும் தொகையும் இருக்கின்றன. அவர்கள் யாரும் இந்த விபத்தில் இல்லை. பெயர்களை மறைத்துத் தொகையை மட்டும் நகல் எடுத்துக் கொடுப்பது முறை. அதற்கு எதிர்த்தரப்பு சண்டை போட்டால் மூலத்தை நீதிபதி ஒருவர் மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டில் இல்லாத ஒன்றும் இருக்கிறது. வண்டிக்காரரின் நோட்டு அவருக்கு வந்ததை மட்டுமே காட்டும். அவர் கடந்த ஐந்தாண்டுகளில் மற்ற பந்தல்களில் எழுதியது மற்றவர்கள் நோட்டுகளில் இருக்கிறது. அதில் ஒரு பகுதிதான் இந்த ஆடியில் திரும்பி வந்தது. அது கடன் ஆகாது, அவர் முன்பு கொடுத்த சொந்தப் பணம். அந்தக் கழித்தல் கணக்கைப் போட்டால் கையில் இருந்தது கொஞ்சம் கூடும். பட்டறைக்குப் பணம் கட்டி, பத்தாம் நாளே வண்டியை எடுக்க முடியாவிட்டாலும் பதினெட்டாம் நாளிலாவது எடுத்திருக்க முடியும் என்று வரலாம். 45,000 ரூபாய் 32,400 ஆகும். எதிர்த்தரப்பு வக்கீல் திருச்சிக்காரர். மொய் விருந்தைச் செய்தித்தாளில் படித்ததோடு சரி. இந்தக் கேள்வியைக் கேட்க அவருக்குத் தெரியாது. கூண்டில் நிற்பவருக்கு மட்டும் தெரியும், அவர் வீட்டு அலமாரியில், எழுதிய மொய்க்கென்று தனியாக வைத்திருக்கும் இரண்டாவது நோட்டு.